காதில் ஒரு மஞ்சள் வில்லை

குத்தாயிசியில் தெருநாய்களுக்குக் காதில் வில்லை உண்டு.
ஊசி போட்டாயிற்று, இனிக் குட்டி இல்லை,
யாரும் அஞ்ச வேண்டாம் என்று
நகராட்சி குத்திவிட்ட மஞ்சள் பிளாஸ்டிக்.
எங்கள் தெரு நாய்க்கு எண் 4071.
ரொட்டிச் சூளைக்காரர் ஒரு பெயரில் கூப்பிடுவார்,
பள்ளிப் பிள்ளைகள் வேறொன்றில்,
மருந்துக் கடையில் இரவு வேலை பார்க்கும் நான்
'ஏய்' என்பேன்.
மூன்றுக்கும் வால் ஆட்டும்.

அதைத்தான் வரைந்தேன்.
மழைக்காலப் பாலம், கீழே ரியோனி கலங்கி ஓட,
கைப்பிடிச் சுவரோரம்
யாரோ மறந்துவிட்டுப் போன கம்பளி மூட்டை போல.
வில்லையில் எண்ணை எழுதவில்லை.
தே. சா. என்று என் எழுத்துகளை,
அரிசி மணியில் எழுதுகிறவனின் பொறுமையோடு.

பிப்ரவரியில், ஹீட்டர் பழுதான இரவில்,
பன்னிரண்டு படங்களைத் தளத்தில் ஏற்றினேன்.
பெயர்: தேக்லே சாமுஷியா.
படித்த இடம்: படிக்கவில்லை.
பெற்ற பரிசுகள்: ஒரு கோடு.
கடைசியில் ஒரு கேள்வி,
இவற்றை மற்றவர் என்ன செய்யலாம்?

ஒரு பக்கம் பூட்டு.
மறுபக்கம் 'பெயரைச் சொல், எடுத்துப் போ'.
பூட்டுவதற்குத் திருடன் வரும் அளவுக்காவது
உள்ளே ஏதேனும் இருக்க வேண்டுமே.
எடுத்துப் போ என்று அழுத்திவிட்டு
விடியும்வரை எண்ணிக்கையைப் பார்த்திருந்தேன்.
பத்தொன்பது பேர் பார்த்திருந்தார்கள்.
அதில் பதினொரு பேர் நான்.

ஏப்ரலில் மொந்தேவீதேயோவிலிருந்து கடிதம்:
கால்நடை மருத்துவ மாணவர்கள் சுவரொட்டியில் போட்டார்களாம்,
கீழே என் பெயர், ஓர் எழுத்துப் பிசகி.
செபூவில் ஒருவன் நாய்க்கு இறக்கை வைத்தான்.
'மூல நாய்: தேக்லே' என்று குறித்திருந்தான்.
ஒரு வாரம் கதூனா என்னை அப்படித்தான் கூப்பிட்டாள்.
பணமா? அதைக் கேட்காதீர்கள்.
வீட்டுக்காரர் கேட்டார், இறக்கையைக் காட்டினேன்.
அழகு என்றார்.
முந்நூற்றைம்பது லாரி என்றார்.

செப்டம்பரில் ஒரு பேருந்தின் முதுகில் பார்த்தேன்.
மழைக்கோட்டு விற்கும் கம்பெனி.
என் பாலம், என் மழை, என் நாய்.
காது இல்லாத நாய்.
சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று
வில்லையோடு சேர்த்து வெட்டியிருந்தார்கள்.

எழுதிக் கேட்டேன்.
'இணையத்தில் கிடந்தது' என்று பதில்.
கிடந்தது நாய், ஐயா.
படத்தை நான் நிறுத்திவைத்திருந்தேன்.

"சும்மாதானே கொடுத்தாய்?" என்றாள் கதூனா.
தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம்,
வண்டியில் பூட்டலாம், கொம்புக்கு வர்ணம் அடிக்கலாம்.
எவர் வீட்டு மாடு என்று கேட்டால்
வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.
நான் வைத்த விலை அவ்வளவுதான்.

செபூக்காரன்தான் முதலில்.
ஒற்றைக் காதை வரைந்து ஏற்றினான், தலைப்பு: 'தொலைந்தது'.
மறுநாள் பெர்கனிலிருந்து ஒருத்தி நூலில் பின்னிய காது.
மாணவர்கள் நரம்பும் குருத்தெலும்புமாய் ஒன்று.
வாரக் கடைசியில் முப்பத்தொரு காதுகள்,
நான் முகம் பார்த்தறியாதவர்களுடையவை.
எல்லாவற்றிலும் மஞ்சள் வில்லை,
வில்லையில் அவரவர் எழுத்து.
அத்தனையையும் கம்பெனிக்கு அனுப்பினேன்,
ஒரு சொல்லும் சேர்க்காமல்.

இருபத்தாறு நாள் கழித்து
புதுத்தாள் ஒட்டிய பேருந்து வந்தது.
காது முளைத்திருந்தது.
தே. சா., கண்ணைச் சுருக்கினால் தெரியும்.
மன்னிப்பு ஏதும் இல்லை.
நிறுத்தத்தில் படுத்திருந்த 4071
தன்னைக் கடந்துபோன தன்னை
ஏறிட்டும் பார்க்கவில்லை.

நேற்றிரவு பதின்மூன்றாவது படம்:
சூளைக்காரரின் கை, முழங்கைவரை மாவு,
உள்ளங்கையில் படகு போல ரொட்டி.
அதே கேள்வி.
விரல் பூட்டின் மேல் நின்றது,
ஒரு தேநீர் ஆறும் நேரம்.
பிறகு மற்றதை அழுத்தினேன்.

இம்முறை பெயரை ஓரத்தில் வைக்கவில்லை.
வெட்டினால் ரொட்டியும் போகிற இடத்தில்
எழுதியிருக்கிறேன்.